கழிக்க மட்டுமே அறிந்த பொறி

கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் என்னும் நான்கையும் இளமையிலேயே கற்றுவிடுகிறோம். ஆதலின் கணிப்பொறிக்கும் இவை இயல்பாகவே கைவந்தவை என எண்ணுகிறோம். ஆயின் பொறி அறிந்தவை அதன் உறுப்புகளில் அமைந்த சில எளிய கட்டளைகளே. அக்கட்டளை ஒவ்வொன்றுக்கும் குறும்பெயர் இட்டு எழுதும் முறையே அசெம்பிளி மொழி. பொறியிடம் இல்லாத கணக்கை, இருக்கும் கட்டளைகளைக் கொண்டு அமைப்பதே அம்மொழியில் எழுதுவோரின் கலை.

இக்கலையின் தொடக்கத்தை இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் காணலாம். வில்லியம்ஸ், கில்பர்ன், டூட்டில் ஆகியோர் அங்கு அமைத்த ‘பேபி’ என்னும் பொறியின் நினைவகத்தில் 32 இடங்களே இருந்தன. கட்டளைகளோ ஏழே. அவற்றுள் கழித்தல் உண்டு, கூட்டல் இல்லை. நினைவகத்திலிருந்து ஓர் எண்ணை எடுக்கும்போதும் அதன் குறியை மாற்றியே எடுக்கும்.

அப்பொறி 5ஐயும் 3ஐயும் கூட்டுவது எங்ஙனம்? முதலில் 5ஐ எடுக்கச் சொன்னால் −5 வரும். அதிலிருந்து 3ஐக் கழித்தால் −8. அதனை நினைவகத்தில் வைத்து மீண்டும் எடுத்தால் குறி மாறி 8 கிடைக்கும். கூட்டல் முடிந்தது! கூட்டலைத் திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே பெருக்கல்.

வகுத்தலும் இத்தகையதே. 17ஐ 5ஆல் வகுக்க, ஐந்தைந்தாகக் கழித்து வருக. 12, 7, 2 என வந்து, நான்காம் முறை −3 ஆகும். விடை பூச்சியத்திற்குக் கீழே இறங்கியதா எனச் சோதிக்க ஒரு கட்டளை உண்டு. இறங்கியதும் நிறுத்தி, மிகையாகக் கழித்த 5ஐத் திரும்பச் சேர்த்தால் மீதி 2, ஈவு 3.

1948 ஜூன் 21ஆம் நாள், கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள் அப்பொறியில் ஓடின. 2,62,144 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள், அவ்வெண் நீங்கலாக மிகப் பெரியது எது என்பதே வினா. அதற்கு அடுத்த சிறிய எண் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்துச் சோதித்தது பொறி. சுமார் 35 லட்சம் செயல்களுக்குப்பின், 52 நிமிடங்களில், 1,31,072 என்னும் சரியான விடை வந்தது.

இரட்டை எண்ணாதலின் விடை அதன் பாதியே என்பதை மாணவர் எவரும் நொடியில் கூறிவிடுவர். எனினும், புதிய நினைவகம் பிழையின்றி நெடுநேரம் உழைக்குமா என்று அறிய நீண்ட கணக்கே வேண்டியிருந்தது. விடை முன்னரே தெரிந்ததாயிருந்ததால் பொறியின் நேர்மையையும் சோதிக்க முடிந்தது.

இன்றும் பெருக்கல் கட்டளை இல்லாத சிறு பொறிகள் உள்ளன. அவற்றுக்கு எழுதுவோர் கில்பர்ன் சென்ற வழியிலேயே செல்கின்றனர். கருவி சிறிதாயினும், செய்முறையை வரிசைப்படுத்தத் தெரிந்தவர்க்குக் கணக்கு நிற்பதில்லை.