அழுத்த மின்சாரத்தின் கதை – 11: வட்ட வில்லையும் மூன்றாம் அச்சும்

ஈயம், சிர்க்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்ஸைடுகளைச் சுட்டெடுத்த பீங்கான் வில்லை, வெள்ளி மின்முனைகள் பூசப்பெற்று, சூடான எண்ணெயில் பலத்த மின்புலத்தால் துருவப்படுத்தப்பட்டு, அழுத்த மின்சார சக்தியைப் பெறும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அத்தகைய வில்லை ஒன்று எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிரும், எவ்வளவு விரியும் என்பவற்றைச் செய்து பார்ப்பதற்கு முன்பே கணிப்பொறியைக் கொண்டு அறிந்துகொள்வது இன்றைய வழக்கம். வில்லை வட்டமானதாகையால், முழு உருவத்தையும் கணக்கில் ஏற்றாமல், மைய அச்சிலிருந்து விளிம்பு வரையுள்ள ஒரு பாதி வெட்டுமுகத்தை மட்டும் எடுத்துக்கொள்வது அச்சுச் சமச்சீர் முறை. மணிக்கணக்கில் ஓடக்கூடிய கணக்கும் இதனால் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தச் சிக்கனத்துக்கு உரிமை பெற உருவம் வட்டமாயிருந்தால் மட்டும் போதாது. பொருளின் குணங்களும் அந்த அச்சைச் சுற்றி எத்திசையிலும் மாறாதிருக்க வேண்டும்.

இதை நிர்ணயிக்கும் சித்தாந்தத்தை வகுத்தவர், 1880-இல் தம் தமையனார் ஜாக்குடன் சேர்ந்து அழுத்த மின்சாரத்தைக் கண்டுபிடித்த அதே பியேர் கியூரிதான். பௌதிக நிகழ்ச்சிகளின் சமச்சீர்மை குறித்து அவர் 1894-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, மின்புலத்துக்கு உரியது ஒரு கூம்பின் சமச்சீர்மை. அச்சைச் சுற்றி எவ்வளவு திருப்பினாலும் அது மாறுவதில்லை, தலைகீழாக்கினால் மாறிவிடுகிறது. கோடிக்கணக்கான நுண்மணிகள் தாறுமாறாகக் கிடந்த பீங்கான், துருவப்படுத்தப்பட்ட மாத்திரத்தில் அந்த மின்புலத்தின் சமச்சீர்மையையே தன் சுபாவமாக ஏற்றுக்கொள்கிறது. ஆகையால் அதன் குணங்களைச் சொல்லி முடிக்க மீட்சிக்கு ஐந்து, மின்சாரத்தையும் திரிபையும் இணைப்பதற்கு மூன்று, விடுதிறனுக்கு இரண்டு, ஆகப் பத்தே மாறிலிகள் போதும். குவார்ட்ஸுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பௌதிக அறிஞர் லாஞ்செவின் 1917-இல் எஃகுத் தகடுகளுக்கிடையே வைத்த அந்தப் படிகத்தில் 'எக்ஸ்' வெட்டு வில்லையை எவ்வளவு அழகாக வட்டமாய்த் தேய்த்தாலும், அதன் தளத்திலேயே ஒளியச்சு கிடப்பதால், அத்திசையில் விறைப்பு சுமார் 107 ஜிகா பாஸ்கலாகவும், அதே தளத்தில் அதற்குச் செங்குத்தான திசையில் சுமார் 87 ஜிகா பாஸ்கலாகவும் இருக்கும். அதை அச்சுச் சமச்சீர் முறையில் கணக்கிடுவது பொருளின் இயல்புக்கே விரோதமாகும்.

பீங்கானுக்கு வருவோம். துருவப்படுத்திய திசையை மூன்றாம் அச்சென்று கொள்வது நெடுங்கால மரபு. தயாரிப்பாளர் பட்டியலில் காணும் டி33, டி31, டி15 என்னும் இணைப்பு மாறிலிகளின் பெயர்கள் அனைத்தும் அந்த மரபைச் சார்ந்தவை. திரிபுகளின் வரிசையும் அவ்வாறே: முதலில் மூன்று நேர்த் திரிபுகள், பிறகு 23, 13, 12 என்ற சறுக்குத் திரிபுகள். காம்சால் என்னும் மென்பொருளில் ஆரம், சுற்றுத்திசை, உயரம் என்ற வரிசையே அமைந்திருப்பதால், உயரத்திசையில் துருவப்படுத்திய வில்லைக்குப் பட்டியல் எண்களை அப்படியே தந்துவிடலாம். மற்றொரு மென்பொருளான ஆன்சிஸிலோ சமச்சீர் அச்சு இரண்டாவது, அதாவது 'ஒய்', சுற்றுத்திசைதான் மூன்றாவது, சறுக்குத் திரிபுகளும் 12, 23, 13 என்று வேறு வரிசையில் வருகின்றன. ஆகவே விறைப்பு மாறிலியான சி33, அணியின் இரண்டாம் நிரையின் இரண்டாம் இடத்துக்குப் போகவேண்டும். சி12-உம் சி13-உம் இடம் மாறவேண்டும். இணைப்பு மாறிலியான ஈ15, ஆரத்திசைப் புலத்தை 12 என்ற சறுக்குத் திரிபோடு இணைக்குமாறு அமையவேண்டும். இதைச் செய்யாமல் பட்டியலைப் பிரதி செய்துவிட்டால், பீங்கான் சுற்றுத்திசையில் துருவப்பட்டதாக மென்பொருள் எண்ணிக்கொள்ளும். மேலும் கீழும் மின்னழுத்தம் கொடுத்தும் தடிப்பில் விரியவேண்டிய வில்லை விரியாது. இதில் அபாயம் என்னவென்றால், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல், வர்ணப் படத்தோடு ஒரு விடையை நம் கையில் கொடுத்துவிடும்.

அச்சைச் சரிசெய்த பிறகும், எந்த நிலையில் அளந்த எண் என்ற வினா நிற்கிறது. பி.இஸட்.டி-5எச் என்ற பீங்கானின் ஒப்பு விடுதிறன் 3400 என்று பட்டியல் கூறுகிறது. அது வில்லை தடையின்றி விரிந்து சுருங்கும் நிலையில் அளந்தது. அசையவிடாமல் இறுக்கிய நிலையில் அதே பீங்கானுக்கு அந்த எண் ஏறத்தாழ 1470 தான். மின்சக்தியில் ஒரு பங்கு இயக்கமாக மாறுவதே இந்தப் பெரிய வித்தியாசத்துக்குக் காரணம். தகைவிலிருந்து திரிபைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கு நெகிழ்வு மாறிலிகளும், 'டி' மாறிலிகளும், 3400-உம் ஒரு குடும்பம்; திரிபிலிருந்து தகைவைக் கணக்கிடும் சமன்பாட்டுக்கு விறைப்பு மாறிலிகளும், 'ஈ' மாறிலிகளும், 1470-உம் மற்றொரு குடும்பம். ஒன்றன் உறுப்பினரை மற்றொன்றில் சேர்க்கலாகாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது நெகிழ்வு அணியைத் தலைகீழாக்க வேண்டியிருப்பதால், இடையில் இலக்கங்களைத் தாராளமாக வெட்டிவிடுவதும் கூடாது.

ஒத்ததிர்வைத் தேடுவதற்கு முன்னால் ஒரு சிறு பரீட்சையைச் செய்துவிடுவதே விவேகம். 10 மில்லிமீட்டர் ஆரமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள 5எச் வில்லையை எங்கும் இறுக்காமல் விட்டு, துருவத் திசையிலேயே புலம் அமையுமாறு 100 வோல்ட் நேர்மின்னழுத்தம் கொடுப்போம். டி33 என்பது வோல்ட்டுக்கு 593 பிக்கோமீட்டர். ஆகையால் தடிப்பு சுமார் 59 நானோமீட்டர் கூடவேண்டும். டி31 என்பது கழித்தல் 274; ஆகையால் ஆரம் 274 நானோமீட்டர் சுருங்கவேண்டும். மின்தேக்குத்திறன் 9.5 நானோ ஃபாரட் அளவில் வரவேண்டும். தடிப்பு அசையாதிருந்தால் அச்சில் பிசகு. தடிப்பு குறைந்து ஆரம் கூடினால் துருவமோ புலமோ தலைகீழ். அசைவெல்லாம் சரியாயிருந்தும் மின்தேக்குத்திறன் 15 நானோ ஃபாரட்டுக்கு அருகில் நின்றால், இறுக்கிய நிலைக்குரிய இடத்தில் 3400 புகுந்துவிட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

நீரொலி வாங்கிகளில் பயன்படும் குழாய்கள் ஆரத்திசையில் துருவப்படுத்தப்படுவதுண்டு. அங்கே மூன்றாம் அச்சு ஆரத்தோடு செல்கிறது என்பதைத் தவிர, முறையெல்லாம் இதுவே. ஒத்ததிர்வின் வீச்சு எவ்வளவு உயரும் என்பதைத் தீர்மானிக்கும் தணிப்பு வேறு விஷயம். தணிப்பு குறையக் குறைய உயரும் இயந்திரத் தரக்காரணி 5எச்சுக்கு 65 என்றால், சோனார் கருவிகளுக்கு உகந்த பி.இஸட்.டி-4-க்கு அது 500 அளவில் இருக்கிறது. இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை அடுத்த வாரம் விரிவாகக் காண்போம்.