ராணுவ உபரிச் சரக்கு: ஏட்டு விலையும் எடுத்து வரும் விலையும்

பெங்களூரில் ராணுவக் கிடங்குச் சாமான் ஏலத்துக்கு வருகிறது என்றால், நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஓசூரில் அதைப்பற்றிப் பேச்சு எழாமல் இருப்பதில்லை. தார்ப்பாய், இரும்புப் பீப்பாய், மரப்பெட்டி, டயர், கூடாரத் துணி ஆகியவை மளிகைக் கிடங்குக்கும் உதவும், மறுவிற்பனைக்கும் உதவும். "சர்க்கார் லட்ச ரூபாய்க்கு வாங்கியது, பத்தாயிரத்துக்குப் போகிறதாம்" என்ற ஒரு வார்த்தையே ஆசையைக் கிளப்பிவிடும். அது ஏன் அப்படிப் போகிறது, எடுப்பவர் எதையெல்லாம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை நமது வணிகப் பெருமக்களுக்கு விளக்கவே இதை எழுதுகிறோம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது இந்தியக் கிடங்குகளில் மூன்று பேருடைய சரக்கு கலந்து கிடந்தது. 1939-இல் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இந்தியாவின் சொந்தப் பாதுகாப்புக்கான செலவு இந்தியாவின் கணக்கு. அதற்கு மேற்பட்டதில் பெரும்பகுதி பிரிட்டனின் கணக்கு. இவை போதாதென்று, லெண்ட்-லீஸ் திட்டத்தில் அமெரிக்கா அனுப்பிய சரக்கு வேறு. அமெரிக்கச் சரக்குக்கு 1946 மே மாதம் தனி உடன்பாடு கையெழுத்தானது. பிரிட்டன் தன் பங்குக்கு ரொக்கம் தரவில்லை. லண்டனில் நம் பெயரில் வரவு எழுதிக்கொண்டே வந்தது. போர் முடிந்தபோது அந்தப் பாக்கி சுமார் 130 கோடி பவுன். ஸ்டெர்லிங் நிலுவை என்று அன்றைய பத்திரிகைகள் ஓயாமல் எழுதியது இதைத்தான்.

இந்தப் பாக்கியைப் பேசித் தீர்க்க 1948-இல் லண்டன் சென்ற குழுவுக்குத் தலைவர், சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். கோவையின் வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் அமெரிக்காவில் இந்தியக் கொள்முதல் குழுவுக்கும் அவரே தலைவராக இருந்தார். ஆக, போருக்குச் சரக்கு வாங்கியதையும் பார்த்தவர், மிஞ்சிய சரக்குக்கு விலை பேசியதும் அவரே. பிரிட்டன் இங்கே விட்டுச்சென்ற ராணுவத் தளவாடங்கள், கட்டடங்கள் முதலியவற்றின் ஏட்டு மதிப்பு சுமார் 37½ கோடி பவுன், அதாவது 500 கோடி ரூபாய். ஜூலையில் முடிந்த விலை 10 கோடி பவுன், அதாவது 133 கோடி ரூபாய். அன்றைய கணக்கில் சொன்னால் ரூபாய்க்கு நாலேகால் அணா. அதையும் ரொக்கமாகக் கொடுக்கவில்லை. நமக்கு வரவேண்டிய பாக்கியில் கழித்துக்கொண்டார்கள்.

நமக்குப் பாக்கி வைத்தவர், "பணம் இல்லை, இந்தப் பழைய சாமானை எடுத்துக்கொண்டு கணக்கை நேர் செய்யுங்கள்" என்று கடைக்கு வந்து நிற்பது எந்த வியாபாரிக்கும் புதிதல்ல. அந்தச் சமயத்தில் நாம் அவர் வாங்கிய விலையைக் கேட்பதில்லை. நமக்கு அது எவ்வளவுக்கு ஆகும் என்றுதான் பார்ப்போம். நம் கருத்தில், 500 கோடி 133 கோடியானதற்கு முக்கியக் காரணம் இதுவே. சரக்கு இருப்பது இந்தியாவில். திருப்பி எடுத்துப் போக வேண்டுமானால் கப்பல் வேண்டும், பெட்டி கட்ட ஆள் வேண்டும், அதுவரை காவல் வேண்டும். எடுத்துப் போக முடியாதவன் சொல்லும் விலை நிற்காது.

வாங்க ஆளில்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதற்குப் பசிபிக் கடலில் ஒரு சான்று இருக்கிறது. இன்றைய வனுவாட்டு நாட்டின் எஸ்பிரிட்டு சாண்டோ தீவில் அமெரிக்கப் படை வைத்திருந்த லாரிகள், புல்டோசர்கள் முதலியவற்றை மிக மலிவாகத் தர முன்வந்தும், அத்தீவுகளை ஆண்ட பிரிட்டிஷ்-பிரெஞ்சு நிர்வாகம் வாங்கவில்லை. எல்லாவற்றையும் கடலில் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த இடத்துக்கு இன்றும் 'மில்லியன் டாலர் முனை' என்றுதான் பெயர்.

நமக்கு அருகிலேயே இதற்கு நேர்மாறாகவும் நடந்தது. பிரிட்டிஷ் விமானப்படை கான்பூரில் போட்டுவிட்டுப் போன லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் லெண்ட்-லீஸ் சரக்கு. மறுபடி பறக்கக் கூடாது என்று அவற்றைச் சேதப்படுத்தியே விட்டிருந்தார்கள். 1948 முதல் பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனத்தார் அவற்றில் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றைப் பறக்கும் அளவுக்குத் தேற்றி, பெங்களூருக்கு ஓட்டிவந்து புதுப்பித்தார்கள். நம் விமானப்படையில் 1968 வரை அவை பணியில் இருந்தன. ஏட்டில் பூஜ்யம், ஆனால் கைவேலை தெரிந்தவனுக்கு அது முதல். இங்கிலாந்தின் ஸ்லோவில், முதல் உலகப்போரின் ராணுவ வண்டிகள் குவிந்து கிடந்த டிப்போவை 1920-இல் ஒரு தனியார் கம்பெனி இடத்தோடு சேர்த்து வாங்கியது. வண்டிகளைப் பழுதுபார்த்து விற்றுத் தீர்த்தபின், அந்த இடமே பெரிய தொழிற்பேட்டையாகிவிட்டது. சிப்காட் பக்கத்தில் கடை வைத்திருக்கும் நமக்கு இது சுவையான செய்தி.

இனி இன்றைய ஏலத்துக்கு வருவோம். போருக்குப் பிறகு 'டிஸ்போசல்ஸ்' என்று பேர்பெற்ற அரசு விற்பனை, பிற்காலத்தில் டி.ஜி.எஸ். அண்ட் டி. வசம் இருந்தது, அந்த அமைப்பு 2017 அக்டோபரில் மூடப்பட்டது. இன்று ராணுவக் கழிவுச் சரக்கு பெரும்பாலும் எம்.எஸ்.டி.சி. போன்ற நிறுவனங்களின் இணையவழி ஏலத்தில் வருகிறது. நிபந்தனையில் முதலில் படிக்க வேண்டியது, 'இருக்கிற இடத்தில், இருக்கிற நிலையில்' என்ற வாசகம். எடுத்தபிறகு ஓட்டை, துரு, எண்ணிக்கைக் குறைவு என்று புகார் சொல்ல அதில் இடமிருக்காது. ஆகவே பார்வையிட அனுமதிக்கும் நாளில் நேரில் போகாமல் விலை கேட்கக் கூடாது. அடுக்கின் மேல்வரிசையை மட்டும் பார்த்துவிட்டு வருவதும் போகாததும் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து டன் என்று மதிப்பிட்ட பழைய இரும்புச் சாமானை, எடை போடாமல் மொத்த லாட்டாக 2 லட்சத்துக்கு எடுக்கிறோம். கிலோ 20 ரூபாய் என்று தோன்றும். லாரி வாடகை 12,000, ஏற்றி இறக்க 8,000, பிரித்தெடுக்கக் கூலி 10,000. பிரித்தபின் விற்கத் தேறுவது ஏழு டன் என்று வையுங்கள். 2,30,000 ரூபாயை 7,000 கிலோவுக்கு வகுத்தால் கிலோ 32 ரூபாய் 86 காசு. வட்டி இன்னும் சேரவில்லை. குறிப்பிட்ட நாளுக்குள் எடுக்காவிட்டால் தரை வாடகை வேறு. பேரேட்டில் கொள்முதல் விலையாக எழுத வேண்டியது 20 அல்ல, இந்த 32.86.

வரியில் ஒரு நுட்பம் இருக்கிறது. தனியார் கம்பெனியோ எச்.ஏ.எல். போன்ற அரசு நிறுவனமோ விற்றால், ஜி.எஸ்.டி.யைப் பில்லில் போட்டு அவர்களே வாங்கிக்கொள்வார்கள். ஆனால் ராணுவக் கிடங்கு மத்திய அரசின் அங்கம். அரசு விற்கும் பழைய சாமான், கழிவு ஆகியவற்றைப் பதிவு பெற்ற வியாபாரி வாங்கினால், 2017 அக்டோபர் 13 முதல் ரிவர்ஸ் சார்ஜ் முறையில் வரியை வாங்குபவரே கட்ட வேண்டும். பழைய இரும்புக்கு 18 சதவீதம் என்றால், மேற்சொன்ன 2 லட்சத்துக்கு 36,000 ரூபாய். அதை இருப்பிலுள்ள உள்ளீட்டு வரவைக் கொண்டு கழிக்க முடியாது. ரொக்கமாகவே கட்ட வேண்டும். கட்டியபின் சாதாரணப் பதிவுள்ளவர் வரவு எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறு கடைக்காரருக்கு அந்த வரவு கிடையாது. 36,000-மும் அவருக்குச் செலவுதான், கிலோவுக்கு இன்னும் ஐந்து ரூபாய்க்கு மேல் ஏறிவிடும். கழிவுச் சரக்காக இருந்தால் வருமான வரிக்கான டி.சி.எஸ். பிடித்தமும் உண்டு. அது பின்னால் நம் கணக்கில் வரவாகும் என்பதால், சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

சரக்கு அத்திப்பள்ளியைத் தாண்டி ஜூஜூவாடிக்குள் நுழைவதால் இது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. கணக்கில் வரும். 2017-இல் வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டது என்பதற்காகக் காகிதம் வேண்டாம் என்று ஆகிவிடாது. மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். வழியில் பறக்கும் படை நிறுத்தினால் அதைத்தான் கேட்பார்கள். ஏல ஒப்புதல் கடிதம், கிடங்கு கொடுத்த வெளியேற்றச் சீட்டு, எடைச் சீட்டு ஆகியவற்றின் நகல் டிரைவர் கையில் இருக்கட்டும்.

லாட்டில் ராணுவச் சீருடை மாதிரித் துணி கலந்து வந்தால் அதைக் கடையில் தொங்கவிட வேண்டாம். அந்த வியாபாரத்தில் காவல்துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எண்ணெய், ரசாயனம் இருந்த பீப்பாய்களில், எவ்வளவு கழுவினாலும், உணவுப் பொருள் நிரப்பக் கூடாது. அவற்றை இறக்கும்போதே தனியே அடுக்கி, பெயிண்டால் குறி போட்டுவிடுவது நல்லது.