களைக்கும் ஒரு பட்டம் இருக்கு

"ஆள் விட்டா களை எடுத்துடப் போறாங்க, விதைக்கிற தேதிக்கு ஏன் இவ்வளவு அலட்டிக்கிறீங்க?" போன எபிசோடுக்கு அப்புறம் வந்த கேள்வி. ஆள் கிடைக்கிறது எவ்வளவு பாடுன்னு எங்க அய்யம்பாளையத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. அதை விட்ருவோம். ஆள் இருந்தாலும் தேதி தப்புனா என்ன ஆகும்னு பார்ப்போம்.

ஊர் கீழ்ப்பழனி மலையடிவாரத்துல இருக்கு. தென்மேற்குப் பருவமழையில பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துடும். எங்களுக்குச் சித்திரை, வைகாசியில கோடை மழை; பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையிலதான்.

மானாவாரி நிலக்கடலையை எடுத்துக்குங்க. ஆடிக் கடைசியில விதைச்சா, ஐப்பசி மழை வர்றப்போ செடிக்கு ரெண்டு மாசம் தாண்டியிருக்கும். இலை படர்ந்து தரையை மூடியாச்சு. அந்த மழையில முளைக்கிற சாரணை வெயில் கிடைக்காம நோஞ்சானா நிக்கும், கொஞ்சம்தான் விதை விடும். இதையே புரட்டாசிக் கடைசிக்குத் தள்ளினா? மழை பிடிக்கும்போது செடிக்கு இருபது நாள். முதல் களை எடுக்க வேண்டிய நேரமே அதுதான், ஆனா சேத்துல காட்டுக்குள்ள இறங்க முடியாது. வெயில் அடிச்சு காயறதுக்குள்ள களை கடலையை முந்திடும். நாற்பத்தஞ்சு நாளுக்கு மேல விழுது மண்ணுல இறங்கிடும், கொத்தவும் முடியாது. அப்புறம் கையால பிடுங்கணும், இல்லேன்னா விடணும். விட்டது விதையா உதிர்ந்து பல வருஷம் மண்ணுல கிடக்கும். அடுத்தடுத்த வருஷக் களைக்கூலி இப்படித்தான் ஏறுது.

கோடை மழைக்கு முளைச்சதை உழுது மடக்குறதும் இதே கணக்குதான். விதைக்கிறதுக்கு முன்னாடியே மண்ணுல இருக்கிற களை விதையை ஏமாத்தி எழுப்பிக் கொல்றோம். கோரைக்கு மட்டும் இது பத்தாது. அது கிழங்குல பெருகுற ஆளு. கிழங்கு மேல வந்து வெயில்ல காயணும்.

மழை மட்டும் இல்ல, இரவோட நீளமும் இருக்கு. மருளூமத்தை இரவு நீண்டாத்தான் பூக்கும். சீக்கிரம் முளைச்சது மாசக்கணக்கா வளர்ந்து ஏகப்பட்ட காய் காய்க்கும். பொழுது சுருங்குற நேரத்துல முளைச்சது ஒரு சாண் உயரத்துலயே பூத்துடும், காய் கம்மி. ஒவ்வொரு முள்ளுக்காய்க்குள்ளயும் ரெண்டு விதை. ஒண்ணு முதல்ல முளைக்கும், இன்னொண்ணு பெரும்பாலும் பின்னாடி. முதல் முளை செத்தாலும் வாரிசு பத்திரமா இருக்கும். கில்லாடிதான்.

சிட்டியில இருக்கிறவங்களுக்கு: உங்க தெருவுல காலி மனை இருந்தா பார்த்தீனியம் நிக்கும். 1950-கள்ல புனேயில கண்டுபிடிச்சாங்க, இப்போ நாடு முழுக்க இருக்கு. ஈரம் இருந்தா முளைச்ச ஒரு மாசத்துலயே பூக்க ஆரம்பிக்கும், ஒரே செடி ஆயிரக்கணக்குல விதை விடும். 1980-கள்ல மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டாங்க. இலையை நல்லாத் தின்னும், ஆனா வறண்ட காலத்துல மண்ணுக்குள்ள போய்ப் படுத்துக்கும். அதனால மழைக்கு அப்புறம் ரெண்டு, மூணு வாரத்துக்குள்ள, வெள்ளைப் பூ தெரியறதுக்கு முன்னாடி, மண் ஈரமா இருக்கும்போதே வேரோட பிடுங்குங்க. கையுறை போட்டுக்கங்க, அரிப்பு வரும்.