லினக்ஸ் தொடக்கத்தில் கோப்பு முறைமைகள் தானாக ஏற்றப்படுதல்

தானேற்றம் என்பது, லினக்ஸ் இயங்குதளம் தொடங்கும்போது வன்தட்டின் பகுதிகளையும் வெளித்தட்டுகளையும் பயனர் கேட்காமலே அடைவுகளோடு இணைத்துக்கொள்வதாகும். இவ்வாறு இணைப்பதை மவுன்ட் செய்தல் என்பர். விண்டோஸில் உள்ள சி, டி போன்ற தட்டு எழுத்துகள் லினக்ஸில் இல்லை. ஒரு பகுதியை ஏதேனும் ஓர் அடைவில் ஏற்றிய பிறகே அதிலுள்ள கோப்புகளைத் திறக்க முடியும். மூல அடைவு ஏற்றப்படாவிட்டால் கணினி இயங்காது. ஆகவே தானேற்றம் தேவையானதே. வேண்டாத பகுதியும் சேர்ந்து ஏற்றப்படும்போதுதான் சிக்கல் எழுகிறது.

தமிழ்நாட்டு மாணவர் கணினிகளில்

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸும், சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒன்றாக இருந்தன. இவ்வாறு இரு இயங்குதளங்கள் ஒரே வன்தட்டைப் பகிரும் கணினிகளில் விண்டோஸ் பகுதி லினக்ஸிலும் ஏற்றப்படுவது வழக்கம்.

பாதிப்புகள்

முதலாவது, தொடக்கம் தடைபடுதல். கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒரு மாணவர் தம் வெளித்தட்டைத் தொடக்கத்திலேயே ஏற்றுமாறு அமைத்திருக்கிறார் என்று கொள்வோம். அதைக் கள்ளக்குறிச்சியில் மறந்து வைத்துவிட்டு வந்தால், மறுநாள் கணினி அந்தத் தட்டைத் தேடி 90 வினாடி காத்திருந்து, பின் அவசர நிலைக்குச் சென்று கறுப்புத் திரையில் நின்றுவிடும். கணினி பழுதாகிவிட்டது என எண்ணி மலையிறங்கிக் கடைக்குக் கொண்டுபோனால், வன்தட்டை அழித்து மறுநிறுவல் செய்துவிடக்கூடும். ஒரு சொல்லைச் சேர்த்தால் தீரும் குறைக்காகப் பாடக்குறிப்புகளும் சான்றிதழ் நகல்களும் போய்விடும்.

இரண்டாவது, கோப்புச் சிதைவு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்னும் வசதி உள்ளது. இது இயக்கத்தில் இருக்கும்போது, கணினியை நிறுத்தினாலும் விண்டோஸ் தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து உறங்குகிறது. அந்நிலையில் லினக்ஸ் அப்பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையலாம். என்டிஎஃப்எஸ்-3ஜி இயக்கி இதை உணர்ந்து படிக்க மட்டுமே அனுமதிக்கும். வலுக்கட்டாயமாக எழுதும் நிலைக்கு மாற்றுவது கூடாது. விண்டோஸில் விரைவுத் தொடக்கத்தை அணைப்பதே முறை.

ஏற்றியது எது?

எதையும் திருத்துவதற்கு முன் ஏற்றியது எது என அறிய வேண்டும். இங்குக் கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. தட்டச்சிடும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளைப் பயன்படுத்த வேண்டும்.

1. முனையத்தில் ‘ஃபைண்ட்எம்என்டி’ என இட்டால் எந்தப் பகுதி எந்த அடைவில் உள்ளது எனப் பட்டியல் வரும். ‘மீடியா’ அடைவில் பயனர் பெயரின்கீழ் இருந்தால், பெரும்பாலும் அது உள்நுழைந்த பின் மேசைச்சூழல் ஏற்றியது.

2. ஐயமிருந்தால் கணினியை மீண்டும் தொடங்கி, மேசைச்சூழலில் நுழையாமல் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்தி, எழுத்து முனையத்தில் உள்நுழைந்து அதே கட்டளையை இட வேண்டும். அங்கேயே அப்பகுதி காணப்பட்டால் தொடக்கத்தின்போதே ஏற்றப்பட்டது எனத் தெளியலாம்.

3. சிஸ்டம்டி உள்ள கணினிகளில் (டெபியனில் 2015 முதல் இதுவே இயல்பு) ‘விண்டோஸ்’ என்னும் அடைவுக்கு ‘சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் விண்டோஸ்.மவுன்ட்’ என இடலாம். ‘லோடட்’ என்ற வரியில் எஃப்எஸ்டேப் கோப்பின் பெயர் இருந்தால் அதுவே காரணம். வேறு கோப்பின் பெயர் இருந்தால் அங்கே பார்க்க வேண்டும்.

நிறுத்தும் முறை

பெரும்பாலும் காரணமாக அமைவது ‘/இடிசி/எஃப்எஸ்டேப்’ என்னும் கோப்பு. இதில் ஒரு பகுதிக்கு ஒரு வரி. வரிக்கு ஆறு பத்திகள். பகுதியின் அடையாளம், ஏற்றும் அடைவு, கோப்பு முறைமை வகை, விருப்பங்கள் என்பவை முதல் நான்கு. திருத்த வேண்டியது நான்காம் பத்தி.

‘நோஆட்டோ’ என்று சேர்த்தால் தொடக்கத்தில் ஏற்றாது. வேண்டும்போது நாமே ஏற்றிக்கொள்ளலாம். ‘நோஃபெயில்’ என்று சேர்த்தால் தட்டு இருந்தால் ஏற்றும். இல்லாவிட்டாலும் தொடக்கம் தடையின்றி நடக்கும். எப்போதாவது செருகும் வெளித்தட்டுக்குப் பின்னது ஏற்றது. ஏற்கெனவே உள்ள விருப்பங்களுக்குப் பின் காற்புள்ளி இட்டு, இடைவெளி விடாமல் எழுத வேண்டும்.

திருத்துமுன் கோப்பை நகலெடுத்து வைக்கவும். வரியை அழிப்பதைவிட அதன் முன் # குறி இடுவது நல்லது. தவறானால் குறியை நீக்கினால் போதும். மூல அடைவின் வரியையும் ‘பூட்’ என்று தொடங்கும் அடைவுகளின் வரிகளையும் தொடக்கூடாது. திருத்திய பின் ‘ஃபைண்ட்எம்என்டி --வெரிஃபை’ என இட்டு எழுத்துப்பிழை உண்டா எனச் சரிபார்த்து, அதன் பிறகே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

கட்டளை பழகாதவர்கள் குனோம் சூழலின் ‘டிஸ்க்ஸ்’ செயலியில் அப்பகுதியின் ஏற்றல் விருப்பங்களைத் திறந்து, தொடக்கத்தில் ஏற்றுக என்னும் குறியை நீக்கலாம். செயலி இதே கோப்பைத்தான் மாற்றுகிறது. மேசைச்சூழல் ஏற்றுவதாக இருந்தால் எஃப்எஸ்டேப்பைத் தொட வேண்டியதில்லை. அச்சூழலின் அமைப்புகளில் நீக்கக்கூடிய ஊடகங்கள் பற்றிய பிரிவில் தானேற்றத்தை அணைத்தால் போதும்.

கணினி அவசர நிலையில் நின்றுவிட்டால்

தட்டு இல்லாததால் தொடக்கம் நின்றால், அதனால் மட்டும் கோப்புகள் அழிவதில்லை. வெளித்தட்டைச் செருகி மீண்டும் தொடங்கிப் பார்க்கலாம். அது கையில் இல்லையெனில், ரூட் கடவுச்சொல்லை இட்டு எஃப்எஸ்டேப்பில் உரிய வரியின் முன் # இட்டு மறுதொடக்கம் செய்யலாம். கோப்பைச் சேமிக்க முடியாவிட்டால் ‘மவுன்ட் -ஓ ரீமவுன்ட்,ஆர்டபிள்யூ /’ என்ற கட்டளை எழுத அனுமதி தரும். சில நிறுவல்களில் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கும். அப்போது லினக்ஸ் உள்ள பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, வன்தட்டின் மூலப் பகுதியைத் திறந்து அதே வரியைத் திருத்த வேண்டும். கடையில் கொடுக்க நேர்ந்தாலும், “எதையும் அழிக்காமல் எஃப்எஸ்டேப் கோப்பை முதலில் பாருங்கள்” என்று சொல்லிக் கொடுப்பது நல்லது.