திரும்பி வந்த அறுபதாயிரம்

2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம். பெங்களூருவில் அப்போது நான் பணியாற்றிய கிளையில், அறக்கட்டளைகள், சங்கங்கள் ஆகியவற்றின் கணக்குகள் என் பொறுப்பில் இருந்தன. முந்தைய நாள் ஓர் அறக்கட்டளை பதினொரு பேருக்கு நெஃப்ட் வழியாகப் பணம் அனுப்பியிருந்தது. பத்துத் தொகைகள் உரியவர்களைச் சென்றடைந்துவிட்டன. பதினொன்றாவது தொகையான 60,000 ரூபாய் மட்டும் இரண்டு மணி நேரத்துக்குள் திரும்பி, அறக்கட்டளையின் கணக்கிலேயே வரவாகியிருந்தது. வங்கியில் இருப்பவர்களுக்கு இது அன்றாடம் காணும் நிகழ்ச்சி. கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்திருக்கும் என்று எண்ணி, நான் அடுத்த வேலைக்குச் சென்றுவிட்டேன்.

பத்தரை மணிக்கு அந்த அறக்கட்டளையின் நிர்வாக அலுவலர் என் மேசைக்கு எதிரே வந்து அமர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்த கன்னடப் பெண்மணி. கையில் எப்போதும் உள்ள பச்சைக் கோப்பு.

"சார், கணக்கு எண்ணை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். பிழையில்லை. பிறகு ஏன் திரும்பியது?"

கணினியில் காரணத்தைப் பார்த்தேன். பெறுபவரின் கணக்கு ஒரு 'சிறு கணக்கு'. அதன் வரம்பை இத்தொகை மீறுகிறது.

"யாருக்கு அனுப்பினீர்கள், மேடம்?"

"கொப்பள மாவட்டத்தில் ஒரு பாவைக்கூத்துக் கலைஞருக்கு. அரசுப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தோற்பாவை செய்யவும் ஆட்டவும் கற்றுத்தரப் போகிறார். மழை வலுப்பதற்குள் தோல் வாங்கி உலர்த்தியாக வேண்டும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகே, என் முன்னே இருந்தது வெறும் திரும்பிய தொகை அன்று என்பது எனக்கு உறைத்தது.

கலைக்கல்விக்கு யார் பணம் தருகிறார்கள்?

நம் நாட்டில் கலைக்கல்விக்கான உதவி பல வழிகளில் வருகிறது. மத்திய அரசு 1979-இல் நிறுவிய பண்பாட்டு வளங்கள் மற்றும் பயிற்சி மையம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. கலைத்திறன் மிக்க சிறார்களுக்கு உதவித்தொகையும் வழங்குகிறது. தனியார் அறக்கொடையில் டாடா அறக்கட்டளைகள் போன்ற மூத்த அமைப்புகள் உள்ளன. பெங்களூருவில் 1993-இல் தொடங்கப்பட்ட இந்தியக் கலைகள் அறக்கட்டளை, 1995 முதல் நாடெங்கும் நல்கைகள் வழங்கி வருகிறது. கர்நாடக அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே கலைக்கல்வித் திட்டம் ஒன்றையும் நடத்துகிறது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க துறைகளுள் கலை, பண்பாடு ஆகியவற்றையும் சேர்த்தது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, கலையைப் பாடங்களோடு இணைத்துக் கற்பிக்க வலியுறுத்துகிறது.

நான் குறிப்பிடும் அறக்கட்டளை இவற்றோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நல்கைகள். அத்தனைக்கும் விண்ணப்பம் பெறுவது, ஒப்பந்தம் எழுதுவது, தவணை அனுப்புவது, கணக்குக் கேட்பது எல்லாம் அந்தப் பெண்மணி ஒருவரே.

கர்நாடகத்தின் 'தொகலு கொம்பெயாட்ட' நம் தோற்பாவைக்கூத்தின் நெருங்கிய உறவு. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கி, வண்ணம் தீட்டி, விளக்கின் முன் ஆட்டி, இராமாயண, மகாபாரதக் கதைகளைத் திரையில் காட்டுவார்கள். அண்மையில், 2025-இல், பத்மஸ்ரீ விருது பெற்ற பீமவ்வ தொட்டபாளப்ப சில்லேக்யாதர் கொப்பள மாவட்டத்தின் மோரனாள கிராமத்தைச் சேர்ந்தவர். விருது எட்டாத கலைஞர்கள் அப்பகுதியில் இன்னும் பலர் உள்ளனர். நம் கலைஞரும் அவர்களுள் ஒருவர்.

சிறு கணக்கின் வரம்புகள்

உரிய அடையாளச் சான்று கையில் இல்லாதவரும் வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும் என்பதற்காகவே சிறு கணக்கு ஏற்படுத்தப்பட்டது. தாமே சான்றொப்பமிட்ட ஒளிப்படமும், அலுவலர் முன்னிலையில் இடும் கையொப்பமோ கைந்நாட்டோ போதும். அந்தச் சலுகைக்கு ஈடாகச் சில வரம்புகள் உண்டு. கணக்கில் எந்நேரமும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது. ஒரு நிதியாண்டின் மொத்த வரவு 1 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு மாதத்தில் எடுக்கும், அனுப்பும் தொகை மொத்தம் 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

கலைஞர் எட்டு மாதங்களுக்கு முன்னர், கூத்து நடத்தச் சென்ற ஊரில் நடந்த ஒரு முகாமில் கணக்கு தொடங்கியிருந்தார். சான்றுகள் வீட்டில் இருந்தன. அதனால் சிறு கணக்காகப் பதிவாயிற்று. அது பின்னாளில் ஒரு தடையாகும் என்று அவரிடம் எவரும் சொன்னதாகத் தெரியவில்லை.

"இரண்டு முப்பதாயிரமாகப் பிரித்து அனுப்பலாமா, சார்?"

"அனுப்பினாலும் அவரால் மாதம் பத்தாயிரம்தான் எடுக்க முடியும், மேடம். இரண்டாவது முப்பதாயிரம் இருப்பு வரம்பில் நின்றுவிடும்."

"நான் நேரில் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தால்?"

கேட்டவரே விடையையும் சொன்னார். வருமான வரிச் சட்டப்படி, ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அத்தொகை அறச்செலவாக ஏற்கப்படாது. அறக்கட்டளை தன் ஆண்டு வருவாயில் 85 விழுக்காட்டை அறநோக்கத்துக்குச் செலவிட்டதாகக் காட்ட வேண்டும். இத்தகைய செலவுகள் விலக்கப்பட்டால் வரிச்சலுகைக்கே இடையூறு நேரலாம்.

ஒரே வழிதான் இருந்தது. கலைஞரின் சிறு கணக்கை முழுமையான சேமிப்புக் கணக்காக மாற்ற வேண்டும்.

என் பங்குக்கு நேர்ந்த தாமதம்

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தவணை மே மாதத்திலேயே போயிருக்க வேண்டியது. அறங்காவலர் ஒருவர் விலகியதால், புதிய கையொப்பதாரரைச் சேர்க்கும் தீர்மானத்தை அப்பெண்மணி என்னிடம் கொண்டுவந்தார். அதில் கூட்டம் நடந்த தேதி இல்லை. அக்குறையைச் சொல்லித் திருப்பியனுப்பினேன். அதைச் சரிசெய்து மீண்டும் வந்தபோது, மாதிரிக் கையொப்பம் சான்றளிக்கப்படவில்லை என்று இரண்டாம் முறை திருப்பியனுப்பினேன். இரண்டு குறைகளும் முதல் நாளே என் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை. பன்னிரண்டு நாள்கள் வீணாயின. விதியை நான் மீறவில்லை. ஆனால் தாளை முழுதாகப் படிக்கவில்லை.

அதனால் இம்முறை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, கணக்கை மாற்றத் தேவையானவை அனைத்தையும் வரிசையாக எழுதினேன். ஆதார் அல்லது வாக்காளர் அடையாள அட்டை, அசலும் நகலும். பான் அட்டை, அது இல்லையேல் படிவம் 60. அண்மைய ஒளிப்படம். கணக்குப் புத்தகம். கணக்குதாரர் நேரில் வர வேண்டும். இவற்றோடு, சான்றில் உள்ள பெயரும் கணக்குப் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றும் குறித்தேன்.

அவர் அத்தாளை மடித்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். அன்றிரவே ஹம்பி விரைவு வண்டியில் கொப்பளம் புறப்பட்டார்.

பெயர்கள் ஒன்றாக இல்லை. கணக்குப் புத்தகத்தில் ஊர்ப்பெயர் முன்னொட்டாக இருந்தது; வாக்காளர் அட்டையில் தந்தை பெயர் பின்னொட்டாக இருந்தது. அந்தக் கிளை வேறொரு வங்கியினுடையது. அங்கிருந்த அலுவலர் பொறுமையாக அமர்ந்து, பெயர்த் திருத்த விண்ணப்பத்தையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டாராம். ஒன்பதாம் நாள் காலை அறுபதாயிரம் ரூபாய் மீண்டும் அனுப்பப்பட்டது. நான் அன்று இருமுறை திரையைப் பார்த்தேன். தொகை திரும்பவில்லை.

ரசீது இல்லாத செலவுகள்

நல்கை ஒப்பந்தப்படி, முதல் தவணைக்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வந்த பிறகே இரண்டாம் தவணை. டிசம்பரில் அப்பெண்மணி அக்கோப்பை எனக்குக் காட்டினார். வணிகவியல் படித்த எனக்கு அது ஒரு பாடமாக அமைந்தது.

ஆட்டுத்தோல் விற்பவர் ரசீது தருவதில்லை. கூத்துக்கு மத்தளம் வாசிக்க வந்தவரிடம் பில் புத்தகம் கிடையாது. ஆனால் தணிக்கையாளருக்குச் சான்று வேண்டும். இதற்காக அவர் கன்னடத்தில் ஓர் எளிய வவுச்சரை அமைத்திருந்தார். என்ன வாங்கப்பட்டது, யாரிடம், எத்தனை, என்ன விலை, பெற்றவரின் கையொப்பம் அல்லது கைந்நாட்டு, உடனிருந்த ஆசிரியரின் கையொப்பம். ஒவ்வொரு வவுச்சரின் பின்னும் ஓர் ஒளிப்படம். பள்ளி முற்றத்தில் சட்டத்தில் இழுத்துக் கட்டப்பட்டு உலரும் தோல்கள், வண்ணக் கிண்ணங்கள், அனுமனின் வாலை உளியால் துளையிடும் ஒரு சிறுமி.

"தணிக்கையாளர் கேட்பது தாள் அன்று சார், நம்பிக்கை. தாள் இல்லாத இடத்தில் அதை வேறு வழியில் தரவேண்டியிருக்கிறது" என்றார்.

கலைஞருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் கணக்கு வைக்கவில்லை என்று கூறி இரண்டாம் தவணையை நிறுத்துவது எளிது. அவர் வைக்கக்கூடிய கணக்கு எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து அமைப்பதற்கு ஒருவர் வேலை செய்தாக வேண்டும்.

"முழுநேர ஆள் தேவையா?"

அவ்வாண்டு ஒரு நன்கொடையாளர், தம் பணம் முழுவதும் கலைஞர்களுக்கே போக வேண்டும், நிர்வாகத்துக்கு ஒரு ரூபாயும் கூடாது என்று நிபந்தனை வைத்தார். அறங்காவலர்களிடையே பேச்சு எழுந்தது. காசோலைப் புத்தகம் பெற வந்த ஓர் அறங்காவலர் என்னிடமே கேட்டார்: "பத்துப் பதினைந்து பேருக்குப் பணம் அனுப்ப முழுநேர ஆள் தேவையா, சார்?"

நிர்வாகச் செலவுக்கு எல்லை வேண்டும் என்பதில் எனக்கும் ஐயமில்லை. சட்டமே அதைச் சொல்கிறது. சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடும் நிறுவனம், அதன் நிர்வாகச் செலவுக்கென 5 விழுக்காட்டுக்கு மேல் எடுக்கலாகாது. வெளிநாட்டு நன்கொடை பெறும் அமைப்புக்கு 2020-ஆம் ஆண்டின் திருத்தம் அந்த எல்லையை 50-இலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. பகட்டான அலுவலகமும் வெற்றுப் பயணங்களும் அறப்பணத்தில் நடக்கக் கூடாது.

ஆனால் அந்த அறங்காவலருக்கு நான் கணக்கு அறிக்கையில் இரண்டு பதிவுகளைக் காட்டினேன். ஒன்று, திரும்பி வந்த 60,000. மற்றொன்று, ஒன்பது நாள்கள் கழித்துச் சென்றடைந்த 60,000. "இந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததுதான் அவருடைய சம்பளம்" என்றேன். அவர் நெடுநேரம் அத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பணியிடம் தொடர்ந்தது. பளபளப்பான தாளில் அச்சிடும் ஆண்டு மலரை மட்டும் நிறுத்திவிட்டார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

2025 பிப்ரவரியில் அப்பள்ளியில் கூத்து அரங்கேறியது. விடுமுறை எடுத்துக்கொண்டு சென்றிருந்தேன். வெள்ளைத் திரையில் அனுமன் கடல் தாண்டினான். ஊரே கைதட்டியது. நிர்வாக அலுவலரைத் தேடினேன். பின்வரிசையில், கைப்பேசி வெளிச்சத்தில், பந்தல்காரரிடம் வவுச்சரில் கையொப்பம் வாங்கிக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள்

நல்கை பெறும் கலைஞர்களும் ஆசிரியர்களும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன்னரே தம் கணக்கின் வகையைக் கிளையில் கேட்டறிவது நல்லது. சிறு கணக்காயின் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். ஆதார், பான், கணக்குப் புத்தகம் ஆகியவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும். நெடுங்காலம் பயன்படுத்தாத கணக்கைத் தராதீர்கள். நல்கைப் பணத்துக்குத் தனிக் கணக்கு வைத்துக்கொண்டால் கணக்குக் காட்டுவது எளிதாகும்.

சிறிய அறக்கட்டளைகள் கையொப்பதாரர் மாற்றத்தை, தேதியிட்ட தீர்மானத்துடனும் சான்றளித்த மாதிரிக் கையொப்பத்துடனும் உடனுக்குடன் கிளைக்குத் தெரிவியுங்கள். பெரிய தொகை அனுப்பும் முன் ஒரு ரூபாய் அனுப்பிக் கணக்குதாரரின் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். தொகை வரம்பு உண்டா என்பதையும் பெறுபவரிடம் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தரும் நன்கொடைக்கு 80ஜி விலக்கு இல்லை என்பதை நன்கொடையாளருக்கு நினைவூட்டுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், பிரிவு எண்களையும் படிவங்களையும் உங்கள் தணிக்கையாளரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளைக்கு வரும்போது, தேவையான தாள்கள் அனைத்தையும் ஒரே முறையில் எழுதித் தருமாறு எங்களைக் கேளுங்கள். அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. என் மேசையில் அன்று முதல் அதற்கென ஒரு வெள்ளைத்தாள் கட்டு இருக்கிறது.