வரி எங்கே முடிகிறது?

சி மொழியில் டெக்ஸ்ட் ஃபைல் எழுதச் சொன்னால், எஃப்பிரின்ட்எஃப் வரியின் கடைசியில் ஒரு 'பேக்ஸ்லாஷ் என்' போடுகிறோம். "புது வரி வந்தாச்சு, அப்புறமென்ன?" என்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள்!

ஃபைலுக்குள் வரி என்று தனியாக எதுவும் கிடையாது. பைட்டுகள்தான் வரிசையாக நிற்கின்றன. வரி முடிந்தது என்பதற்கு ஒரு குறி வேண்டும். அந்தக் குறி சிஸ்டத்துக்கு சிஸ்டம் மாறும்.

காரணம் பழைய டெலிடைப். 1963-ல் வந்த மாடல் 33 வினாடிக்கு 10 எழுத்து அடிக்கும். வரி முடிந்தால் அதற்கு இரண்டு வேலை. அச்சடிக்கும் பகுதி இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டும். அது கேரேஜ் ரிட்டர்ன், ஆஸ்கி எண் 13. காகிதம் ஒரு வரி நகர வேண்டும். அது லைன் ஃபீட், எண் 10. டாஸ், விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டன. யூனிக்ஸ், லினக்ஸுக்கு 10 மட்டும் போதும். 2001-ல் ஓஎஸ் டென் வருவதற்கு முந்தைய மேக்கில் 13 மட்டும்.

நாம் எழுதும் 'பேக்ஸ்லாஷ் என்' லினக்ஸில் 10 ஆகவே போகும். விண்டோஸில் ஃபைலை 'டபிள்யூ' என்று திறந்தால், சி லைப்ரரி அதை 13, 10 என்று இரண்டாக்கிவிடும். 'டபிள்யூபி' என்று திறந்தால் மாற்றாது. வரிக்கு 10 எழுத்து வீதம் 100 வரி எழுதிப் பாருங்கள். லினக்ஸில் 1100 பைட், விண்டோஸில் 1200 பைட்!

இதனால் என்ன நஷ்டம்? விண்டோஸில் எழுதிய பதிவெண் பட்டியலை லினக்ஸில் எஃப்கெட்ஸ் கொண்டு படிக்கிறோம். கடைசியில் உள்ள 10-ஐ நீக்கினாலும் 13 ஒட்டிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எஸ்டிஆர்சிஎம்பி விடுமா? "இது வேற, அது வேற" என்று சொல்லிவிடும். பட்டியலில் இருக்கும் மாணவனே இல்லை என்றாகிவிடும்!

ஆகவே மூன்று விஷயம் ஞாபகம் இருக்கட்டும். படிக்கும்போது 10, 13 இரண்டையும் நீக்குங்கள். விண்டோஸ் டெக்ஸ்ட் ஃபைலில் 13-ஐ நீங்களாகப் போடாதீர்கள். 13, 13, 10 என்று ஆகிவிடும். கடைசி வரிக்கும் முடிவுக் குறி போடுங்கள்; லினக்ஸின் 'டபிள்யூசி' கட்டளை 10-களை எண்ணித்தான் வரிக் கணக்கு சொல்கிறது.

சந்தேகம் வந்தால் லினக்ஸில் 'ஓடி' கட்டளையை 'மைனஸ் சி' சேர்த்துக் கொடுங்கள். ஒளிந்திருக்கும் 13 'பேக்ஸ்லாஷ் ஆர்' என்று வெளியே வந்துவிடும்!