மேமோகிராமா, ஸ்கேனா?

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்திருக்கும் என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே இந்நோய் இங்கு தாக்குவதால், எந்தப் படம் எடுப்பது என்பதை வயதைக் கேட்காமல் முடிவுசெய்ய இயலாது.

மார்பகத்தை இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி, குறைந்த அளவு எக்ஸ் கதிரால் எடுக்கப்படும் மேமோகிராமின் தனிச்சிறப்பு, கட்டி கைக்குத் தட்டுப்படுமுன்பே பால்நாளங்களில் படியும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களை அது காட்டிவிடுவதாகும். ஆனால், கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெண்மையாகவும் பதியும் அப்படத்தில் புற்றுக்கட்டியும் வெண்மையாகவே தெரியும். ஆகவே சுரப்பித் திசு செறிந்த இளம்பெண்களின் மார்பகத்தில் கட்டி மறைந்துபோக வாய்ப்புண்டு. பல கோணங்களில் படமெடுத்து அடுக்கடுக்காகக் காட்டும் முப்பரிமாண மேமோகிராம் இக்குறையை ஓரளவே தீர்க்கிறது.

அத்தகையோருக்கு ஒலியலைகளால் இயங்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் துணைநிற்கிறது. கதிர்வீச்சு இல்லாத இது நீர்க்கட்டியையும் திடக்கட்டியையும் பிரித்துக் காட்டும். ஜப்பானில் 40 முதல் 49 வயதுப் பெண்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், மேமோகிராம் மட்டும் 77 விழுக்காடு புற்றுகளைக் கண்டறிய, ஸ்கேனும் சேர்ந்தபோது அது 91 ஆக உயர்ந்தது. நோயில்லாதவர்களை மறுபரிசோதனைக்கு அழைப்பதும் கூடவே அதிகரித்தது. சுண்ணாம்புத் துகள்களைப் பெரும்பாலும் தவறவிடுவதால், ஸ்கேன் மேமோகிராமுக்கு மாற்றாகாது. இவ்விரண்டையும்விட நுட்பமாகக் கண்டறியும் எம்.ஆர்.ஐ., ரத்தநாளத்தில் மருந்து செலுத்தி எடுக்கப்படுவது, செலவும் மிகுந்தது. மரபணுவழி ஆபத்துள்ள பெண்களுக்கே அது முதன்மையாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

கும்பகோணம், பாபநாசம், திருவிடைமருதூர் வட்டங்களின் வயல்வேலைப் பெண்களுக்கு இக்கருவிகளுக்கெல்லாம் முந்தியது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற செவிலியர் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனையே. 30 வயதிலிருந்து அதைச் செய்ய வேண்டும் என்கிறது தேசிய வழிகாட்டுதல். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வின் 2021ஆம் ஆண்டு முடிவின்படி, இப்பரிசோதனை 50 வயதைக் கடந்தோரிடையே இந்நோயால் நேரும் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. இளையோரிடையே அப்பயன் தென்படவில்லை. எனவே, கட்டி தட்டுப்பட்ட இளம்பெண்ணைக் கைப்பரிசோதனையோடு நிறுத்திவிடாமல், கும்பகோணத்திலுள்ள மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைக்கோ தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பிவைப்பது இன்றியமையாதது.

எந்தப் படமும் புற்றை உறுதிசெய்வதில்லை. ஊசியால் திசு எடுத்துச் செய்யும் பயாப்சியே அதைச் செய்யும். ஆகையால், கையில் தட்டுப்படும் கட்டி மேமோகிராமில் தெரியவில்லை என்றாலும், பெண்களும் அவர்தம் குடும்பத்தாரும் அத்துடன் விட்டுவிடாமல், ஸ்கேனும் தேவையெனில் பயாப்சியும் செய்யும்படி மருத்துவரைக் கேட்க வேண்டும்.